மேல் ஸா ஏன் வரவில்லை?

வணக்கம் ஐயா,

பாலக்கோடு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். கொல்லன் பட்டறையில் சம்மட்டிச் சத்தத்தைக் கேட்டு பிதாகரஸ் இசையின் கணக்கைக் கண்டுபிடித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சம்மட்டிகளின் எடை 6, 8, 9, 12; எடை இரட்டிப்பானால் மேல் ஸா, அதாவது ஸரிகமபதநி முடிந்து வரும் அடுத்த ஸா. அதே எடைகளைத் தந்தியில் தொங்கவிட்டாலும் அப்படியே வரும் என்கிறது கதை. அதைச் செய்தும் பார்த்தோம். மேசைமேல் கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டி, விளிம்பு வழியாக ஒரு வாளியைத் தொங்கவிட்டோம். 2 லிட்டர் தண்ணீருக்கு வந்த ஒலியை ஸா என்று வைத்துக்கொண்டு தண்ணீரை 4 லிட்டராக்கினோம். மேல் ஸா வரவில்லை. பாட்டு கற்கும் மாணவி ஒருத்தி, “மா மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். எங்கே தவறு செய்தோம்?

ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

*

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் மாணவியின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. தவறு கதையில் இருக்கிறது.

இந்தக் கதையை கி.பி. 100 வாக்கில் நிக்கோமாக்கஸ் என்ற கிரேக்கக் கணித அறிஞர் எழுதிவைத்தார். ஆறாம் நூற்றாண்டில் போயத்தியஸ் என்ற ரோமானிய அறிஞர் அதைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார். அதன்பின் ஐரோப்பாவின் இசை நூல்கள் பலவும் அதையே திருப்பிச் சொல்லிவந்தன. எடைகளைத் தொங்கவிட்டுப் பார்த்து, கதை பொய் என்று எழுதியவர் வின்சென்சோ கலிலி, விஞ்ஞானி கலிலியோவின் தந்தை.

வின்சென்சோ 1520 வாக்கில் பிறந்தவர். பிழைப்பு லூட் என்ற நரம்பு வாத்தியம். வெனிஸில் சார்லினோவிடம் இசை இலக்கணம் கற்றார். சார்லினோ அக்காலத்தில் இசை இலக்கணத்தின் பெரிய ஆசான். இன்னிசைக்கெல்லாம் மூலம் 1 முதல் 6 வரையிலான எண்களே, அந்த எண்களுக்கே ஒரு தனிச் சக்தி உண்டு என்பது அவர் கொள்கை. வின்சென்சோ 1581-இல் எழுதிய நூலில் குருவை வெளிப்படையாக எதிர்த்தார். எடைச் சோதனையை 1589-இல் எழுதினார். 1591-இல் இறந்தார்.

அவர் சொன்னது இதுதான். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸா வரும். அங்கே விகிதம் 2:1. அதே மேல் ஸாவை எடையால் வரவழைக்க நான்கு மடங்கு வேண்டும், 4:1. பஞ்சமத்துக்கு (பா) நீளத்தில் 3:2, எடையில் 9:4. ஸ்வரம் ஒன்றுதான், எதை அளக்கிறோமோ அதற்கேற்ப எண் மாறுகிறது. அப்படியிருக்க 2:1 என்ற எண்ணுக்கு மட்டும் என்ன தனிச் சக்தி? சார்லினோவின் அடித்தளத்தையே இந்தக் கேள்வி அசைத்தது. என்னைக் கேட்டால், அவருடைய மற்ற வாதங்கள் எல்லாவற்றையும்விட இதுவே வலிமையானது.

நான்கு மடங்கு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இழுவை நான்கு மடங்கானால், விலகிய தந்தியைத் திருப்பி இழுக்கும் விசையும் முடுக்கமும் நான்கு மடங்காகும். நான்கு மடங்கு முடுக்கத்தில் அதே தூரத்தைக் கடக்கப் பாதி நேரம் போதும். பாதி நேரம் என்றால் வினாடிக்கு இரண்டு மடங்கு அதிர்வு. இந்த எண்ணிக்கைதான் அதிர்வெண்; அது இரட்டித்தால் மேல் ஸா.

இனி உங்கள் வாளி. எடை சரியாக இரட்டிப்பாகியிருந்தால் அதிர்வெண் 1.414 மடங்காகி, பிரதி மத்யமம் (இரண்டு ‘மா’க்களில் உயர்ந்தது) வந்திருக்கும். ஆனால் வாளிக்கும் எடை உண்டு. அது 700 கிராம் என்று வையுங்கள். நீங்கள் தொங்கவிட்டது 2.7 கிலோ, பிறகு 4.7 கிலோ. 4.7-ஐ 2.7-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.32 வருகிறது. தாழ்ந்த ‘மா’வான சுத்த மத்யமம் ஸாவைப்போல் 1.333 மடங்கு. அந்தப் பெண் சொன்ன ‘மா’ இதுவாகத்தான் இருக்கும்.

மறுபடி செய்யும்போது கட்டுக்கம்பி வேண்டாம். அதன் நெளிவு போகாது, ஒலி உடனே செத்துவிடும், பாரம் ஏறினால் நீளவும் செய்யும். இசைக்கருவிக் கடையில் 0.4 மில்லிமீட்டர் எஃகுத் தந்தி ஒரே சுருளில் இரண்டு துண்டு வாங்குங்கள். ஒரே பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டி, ஒவ்வொன்றுக்கும் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு குதிரைகள் (தந்தியைத் தாங்கும் சிறு கட்டைகள்) வையுங்கள். பலகையின் நுனியில் கப்பி அவசியம். தந்தி விளிம்பில் உராய்ந்தால் தொங்கும் எடை முழுதும் தந்திக்கு வந்து சேராது. ஒருமுறை வந்த சுருதி மறுமுறை வராது.

முதல் தந்தியில் வாளியோடு சேர்த்து 2 கிலோ, அதைக் கடைசிவரை மாற்ற வேண்டாம். அதன் குதிரையை 30 செ.மீ.க்கு நகர்த்தினால் மேல் ஸா, 40 செ.மீ.க்கு நகர்த்தினால் பா. குதிரை தந்தியைத் தொட்டால் போதும். உயரம் கூடித் தந்தியைத் தூக்கினால் இழுவை மாறிவிடும். இரண்டாம் தந்தி 60 செ.மீ.யிலேயே இருக்கட்டும், எடையை மட்டும் ஏற்றுங்கள். 700 கிராம் வாளியென்றால் 3.8 லிட்டருக்கு பா, 7.3 லிட்டருக்கு மேல் ஸா. நெருங்கி வரும்போது இரண்டையும் சேர்த்து மீட்டினால் ‘வ்வா… வ்வா…’ என்று விம்மல் கேட்கும். விம்மல் மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது. காது பழகாத பிள்ளைகளுக்கு, சின்னக் காகிதத்தை மடித்து இரண்டாம் தந்தியின் நடுவில் குதிரையேற்றிவிட்டு முதல் தந்தியை மீட்டுங்கள். சுருதி ஒன்றானால் காகிதம் துள்ளி விழும்.

6, 8, 9, 12 கிலோவையும் தொங்கவிட்டுப் பாருங்கள். 6-ஐ ஸா என்று வைத்தால் 9-க்கு பா வராது. ‘கா’வின் இரண்டு வகைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கும். 12-க்குப் பிரதி மத்யமம்.

வின்சென்சோவுக்கு அதிர்வுகளை எண்ணிக் காட்ட வழியில்லை. பாரிஸ் துறவி மெர்சென் அதைச் செய்தார். 1636-இல் வெளிவந்த நூலில் நீளம், இழுவை, தந்தியின் கனம் மூன்றுக்கும் விதி கொடுத்தார். கண்ணால் எண்ணும் அளவுக்கு மெதுவாக ஆட மிக நீளமான கயிறுகளைக் கட்டினார். உங்கள் பள்ளி மைதானத்தில் புளியமரம் இருந்தால் நீங்களும் செய்யலாம். 20 மீட்டருக்கு 1 கிலோ நிற்கிற கயிற்றின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை 20 மீட்டர் தள்ளி, எண்ணெய் போட்ட கிணற்றுக் கப்பி வழியாக விட்டு 5 கிலோ தொங்கவிடுங்கள். கயிற்றைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் தொய்வு கணக்கைக் கலைக்கும். போய்த் திரும்புவது ஒரு ஆட்டம். 10 வினாடியில் ஏறத்தாழ 8 வரும். 10 கிலோவுக்கு 11 தான். 16 வர 20 கிலோ வேண்டும். அந்த எடைக்குக் கீழே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.