ஃபாஸ்டர் நாய்க்குச் செலவழித்த பணம் வரவில்லை: நாயைத் தர மறுக்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் வசிக்கிறேன். மதுரை விலங்குநல அறக்கட்டளை ஒன்று, வேன் மோதிப் பின்னங்கால்கள் செயலிழந்த நாயை என்னிடம் ஃபாஸ்டருக்கு, அதாவது தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளக் கொடுத்தது. மருத்துவச் செலவு அவர்களுடையது என்று படிவத்திலேயே இருக்கிறது. எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. என் கைக்காசு 62,000 ரூபாய் போய்விட்டது. இப்போது சென்னையில் ஒருவர் தத்தெடுக்கிறார், நாயைக் கொடு என்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அவமானப்படுத்தி நீக்கியும் விட்டார்கள். பணம் வரும்வரை நாயைத் தராமல் இருக்கலாமா?

பதில்: கூடாது.

அவமானம், குரூப், நன்றிகெட்டதனம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். படிவம் ‘ஃபாஸ்டர்’ என்கிறதா, ‘தத்து’ என்கிறதா என்பது மட்டுமே கேள்வி. ஃபாஸ்டர் என்றால் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது ஒப்படைவு (திருப்பித் தரவேண்டும் என்று ஒருவர் வசம் விடுவது), நாய் அவர்களுடையது. கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டவருக்கு அவசியச் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 158வது பிரிவு. ஆக, பணம் உங்களுக்கு வரவேண்டியதுதான். ஆனால் 170வது பிரிவில் உள்ள பிடித்துவைக்கும் உரிமை, வைரம் பட்டை தீட்டியவர், சட்டை தைத்தவர் போலத் தன் உழைப்பாலும் திறமையாலும் பொருளை மேம்படுத்தியவருக்குத்தான். தானாகச் சிறுநீர் போக முடியாத நாய்க்கு வேளாவேளைக்கு வயிற்றை அமுக்கி எடுத்துவிட்டவருக்கு அது கிடைக்காது.

இந்த இடத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். “தெருநாய்க்கு ஏது சொந்தக்காரன்? இது என் நாய்” என்று ராத்திரி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போகும். அது போனால் இரண்டு பக்கமும் அடி. ஒப்படைத்தவருக்கு உரிமை இல்லை என்று வாங்கியவர் பேச சாட்சியச் சட்டம் இடம் தராது. அந்த மெசேஜை வைத்தே நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 316வது பிரிவில் புகார் கொடுக்கலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் அது. கடைசிவரை நிற்காத வழக்காக இருந்தாலும் ஸ்டேஷனுக்கு அலைவது நீங்கள்தான். அடுத்தது பணம். உங்கள் நாய் என்றால் செலவும் உங்களுடையது. 62,000 கேட்டுக்கொண்டே நாயையும் சொந்தம் கொண்டாட முடியாது. “காசு வேண்டாம், இவன் என் பிள்ளை” என்று முன்பே உருகி எழுதியிருந்தால், அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

62,000-ல் பில் உள்ளது எவ்வளவு? டயாப்பர், கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்), சிறுநீர்த் தொற்றுக்கான ஆன்டிபயாடிக் எல்லாம் மருத்துவர் சீட்டின் தேதியோடு ஒத்துப்போக வேண்டும். சீட்டில்லாமல் ரொக்கத்தில் வாங்கியதை மறந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். பணத்தை விட்டுக்கொடுத்து நாயை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். தினமும் சிறுநீர் எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்த பிறகு சென்னைக்காரர் எத்தனை நாள் நிற்பார் என்பது அவர்களுக்கும் தெரியும். கையெழுத்து அறங்காவலருடையதாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பேசும் தன்னார்வலர் எழுதித் தருவது உதவாது.

சம்மதிக்காவிட்டால் நாயைக் கொடுத்துவிட்டு, அப்புறம் நோட்டீஸ் அனுப்புங்கள். பண வழக்குக்கு மூன்றாண்டு அவகாசம் இருக்கிறது. கொடுக்கும் அன்று அரசு கால்நடை மருத்துவரிடம் எடை, படுக்கைப்புண், தொற்று மூன்றையும் குறித்துச் சான்று வாங்கி, நகலில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். வேனில் போகும் வழியில் உரசி வந்த புண்ணையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.