ரோமை எதிர்த்த படை ஒன்றை மினியேச்சராக, அதாவது வண்ணம் தீட்டிய சிறு பொம்மை வீரர்களாகக் கட்ட ஆசை. எந்தப் படையில் தொடங்கலாம்?

வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் அரசின் படையில் தொடங்குங்கள். ரோமுக்கு எதிரிகள் பலர் இருந்தார்கள். ஆனால் பழைய ஈரானை ஆண்ட பார்த்தியரின் படை என்றால் குதிரைக்கு மேல் குதிரையாகத்தான் வண்ணம் தீட்ட வேண்டியிருக்கும். முதல் படையிலேயே கை சலித்துவிடும். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் படையில் லிபியர், ஐபீரியர், கெல்ட்டியர், நுமிடியக் குதிரைவீரர், பலேரியத் தீவுகளின் கவண்காரர் என்று ஐந்து வகை மக்கள் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தை முடித்து அடுத்ததை எடுக்கும்போது வேலை புதிதாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் எந்தப் போர் என்று முடிவு செய்துவிடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. ஹன்னிபால் என்றதும் யானைதான் கண்முன் வந்தது, முதலில் மூன்று யானைகளை வாங்கிவிட்டேன். ஆனால் மேசையில் பொம்மை வீரர்களை நிறுத்திப் போர் விளையாட்டாக நான் ஆட நினைத்தது கி.மு. 216-இல் நடந்த கன்னே போர். அதில் யானையே கிடையாது. ஹன்னிபாலோடு ரோன் ஆற்றுக்கு வந்தவை 37 யானைகள். கி.மு. 218 குளிர்காலத்தில் நடந்த டிரெபியா போருக்குப் பிறகு ஒன்றுதான் மிஞ்சியது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். யானை கட்டாயம் வேண்டும் என்றால் டிரெபியாவை எடுங்கள், அல்லது 80-க்கும் மேற்பட்ட யானைகள் நின்ற சாமா போரை.

கன்னே என்றால் என்ன வண்ணம் அடிப்பது என்பதையும் பொலிபியஸிடமே கேட்கலாம். ஐபீரியருக்குக் கருஞ்சிவப்புக் கரை போட்ட வெள்ளை லினன் சட்டை. கெல்ட்டியர் வெற்றுடம்போடு நிற்கிறார்கள். லிபியர் அணிந்திருப்பது முந்தைய போர்களில் ரோமானியரிடமிருந்து பறித்த ஆயுதங்களும் கவசங்களும். அதனால் ரோமானிய வீரர்கள் உள்ள பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். மிஞ்சும் கேடயங்களும் தலைக்கவசங்களும் லிபியருக்கு அப்படியே பொருந்தும், எதிரிப் படைக்கும் ஒரு தொடக்கம் கிடைக்கும். பறித்த கேடயங்கள்தானே, எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் அடிக்க வேண்டாம்.

ஐபீரியரின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளையை நேராக அடிக்காதீர்கள், சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். வெளிர் சாம்பலில் தொடங்கி, துணி மேடாக இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளையைக் கொண்டுவாருங்கள். கரையைக் கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் இழுங்கள். அப்புறம், வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ஸ்ப்ரே பிரைமர் மழைநாளில் வேண்டாம். ஈரக்காற்றில் அது வெள்ளையாகப் பூத்துப்போகும்.

எத்தனை வீரர்கள்? டிபிஏ என்ற மேசைப் போர் விளையாட்டின் விதிகளில் ஒரு படைக்கு 12 பேஸ்தான். பேஸ் என்பது சில வீரர்களைச் சேர்த்து ஒட்டும் சிறு தட்டு. 15 மி.மீ. உயர வீரர்கள் என்றால் ஒவ்வொரு பேஸும் 40 மி.மீ. அகலம். ஐம்பது வீரர்களுக்குள் முழுப்படை தயாராகிவிடும். 28 மி.மீ. அளவில் முகமும் கேடயமும் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். விக்ட்ரிக்ஸ் நிறுவனம் இந்த அளவில் கார்த்தேஜியரைப் பிளாஸ்டிக்கில் தருகிறது. பொறுமை இருந்தால் அதற்கே போகலாம்.

யானைக்கு வந்தால், நாம் கோயிலில் பார்த்துப் பழகிய யானையை மறந்துவிட வேண்டும். கார்த்தேஜியர் பெரும்பாலும் பயன்படுத்தியது வட ஆப்பிரிக்க யானை. காது பெரிது, முதுகு நடுவில் குழிந்திருக்கும், உடல் இந்திய யானையைவிடச் சிறியது. ஆனால் அதை ஓட்டிய பாகர்களைப் பொலிபியஸ் 'இந்தியர்' என்றே குறிப்பிடுகிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே என் பாகர்களுக்கு நேரம் எடுத்து வண்ணம் தீட்டினேன். கி.மு. 207-இல் மெட்டாரஸ் போரில் ஹன்னிபாலின் தம்பி ஹஸ்த்ருபாலின் பாகர்கள் உளியும் சுத்தியலும் வைத்திருந்தார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. மிரண்டு சொந்தப் படைமீதே திரும்பும் யானையைக் கொல்வதற்கு. கம்பித் துண்டில் அந்த உளியைச் செய்து ஒரு பாகனின் இடுப்பில் ஒட்டியிருக்கிறேன்.