அந்தப் பெண்ணின் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

துப்புரவுப் பணி செய்யும் பெண்களைக் கரிக்கோலால் வரைந்து, ஒவ்வொரு ஓவியத்துக்கும் அவர்களே பேசுவதுபோல ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் கண்காட்சி. குரலற்றவர்களுக்குக் கலையால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிறீர்களா? கவிதைகளில் கோபம் போதுமா?

ம.

அன்புள்ள ம.,

அனுப்பிய ஓவியங்களை இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். துடைப்பத்தைப் பற்றியிருக்கும் கையின் வீங்கிய விரல்கணுக்களில் பொய்யே இல்லை. அப்படி வரைய மனம் வேண்டும், உங்களுக்கு இருக்கிறது. கோபம் போதுமா என்ற கவலையை விடுங்கள். ஓவியத்தின் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எங்கே?

சில நாட்களாக ஒரு புகைப்படம் என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்தது. கன்னத்தருகே கை வைத்து எங்கோ பார்க்கும் தாய், முகம் திருப்பி அவர் தோளில் சாய்ந்திருக்கும் இரண்டு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. அங்கே எடுத்த படங்கள் நாளிதழில் வந்ததும் முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. ஆகவே, கலையால் முடியும். ஆனால் அதற்குள் அந்தத் தாய் வேலை தேடி வேறிடம் போய்விட்டார். அவர் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே தெரிந்தது 1978இல். 42 ஆண்டுகள்! அவர் செரோக்கி பழங்குடிப் பெண் என்பதும் படத்தைக் கொண்டாடியவர்களுக்குத் தெரியாது. படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் கசந்து சொன்னார்.

லாங்கே இரக்கமற்றவர் அல்லர். முகாமைக் கடந்து போனவர், மனம் கேளாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவருக்கே கேட்கத் தோன்றவில்லை என்பதால்தான் உங்களைக் கடிந்துகொள்கிறேன். 'நான்' என்று தொடங்கும் மூன்றாவது கவிதையை அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினீர்களா? அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியமாவது அதில் இருக்கிறதா? பேசத் தெரிந்தவரின் வாயில் உங்கள் உவமைகளைத் திணித்துவிட்டு அவரைக் குரலற்றவர் என்கிறீர்கள்.

சிலியில் 1973க்குப் பிந்தைய ராணுவ ஆட்சியில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பெண்கள், காணாமற்போனவரின் சட்டைத் துணியை வெட்டிச் சாக்கில் தைத்துச் சித்திரமாக்கினார்கள். பலர் உயிருக்கு அஞ்சிப் பெயர் போடவில்லை. மறைப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தவர்கள் அவர்களே.

கண்காட்சிக்கு முன் ஓவியங்களோடு அந்தப் பெண்களிடம் போங்கள். கவிதைகளைப் படித்துக் காட்டுங்கள், திருத்தச் சொன்னால் திருத்துங்கள். பெயர் போடலாமா என்று கேளுங்கள். விற்றால் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அந்த ஓவியம் சுவரேறக் கூடாது. இதற்கெல்லாம் ஒரு மாதம் போதாதென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள்.