பழைய லேப்டாப்பை விற்கப் போகிறீர்களா? டி டிரைவை மறக்காதீர்கள்

கேள்வி: எட்டு வருடமாக வைத்திருக்கும் லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப் போகிறோம். கடைக் கணக்கு, பிள்ளைகளின் படங்கள், ஆதார், பான் கார்டு ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருந்தன. எல்லாவற்றையும் டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். "அப்படியே கொடுங்கம்மா, நாங்களே ஃபார்மேட் அடிச்சுக்குவோம்" என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா? (ஈரோடு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள். இன்னும் ஒரு நாள் அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

டெலீட் செய்யும்போது அழிவது படம் அல்ல, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான். கல்யாண மண்டப வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே பந்தியில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்களா? கடைகளில் இரண்டு நிமிடத்தில் அடிக்கும் குயிக் ஃபார்மேட்டும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தின் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை பழையது அப்படியே கிடக்கும்.

இதை நான் நேரில் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன்பு அக்கா மகனுக்காக ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். "ஃபார்மேட் பண்ணி புது விண்டோஸ் போட்டிருக்கு சார்" என்றார்கள், திறந்தால் பளிச்சென்றுதான் இருந்தது. ஒரு நாள் அவன் தன் ப்ராஜெக்ட் ஃபைலைத் தவறுதலாக அழித்துவிட்டான். அதை மீட்க இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டினேன். அவன் ஃபைல் வருவதற்கு முன்பே, திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக யாரோ ஒரு வீட்டின் படங்கள் வர ஆரம்பித்தன. ஒரு வளைகாப்பு. பச்சைப் பட்டு, கை நிறையக் கண்ணாடி வளையல். அடுத்து தொட்டிலில் குழந்தை. அப்புறம் ரேஷன் கார்டு, அதை ஒட்டி வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், கணக்கு எண் தெளிவாக. மென்பொருளை மூடிவிட்டு, அன்றிரவே டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்தேன். தங்கள் வீட்டுப் படங்களை முன்பின் தெரியாத ஒருவன் பார்த்துவிட்டான் என்பது அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். முதலில் வேண்டியதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டீர்களா? படங்களை எல்லோரும் ஞாபகமாக எடுத்துவிடுகிறார்கள், தவறுவது வேறு இடங்களில். கடைக் கணக்கு டாலியில் என்றால் டேட்டா ஃபோல்டரை எடுத்தால் மட்டும் போதாது. ஃபார்மேட்டுக்கு முன்பே டாலியைத் திறந்து, இணைய இணைப்போடு லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். அப்போதுதான் புது லேப்டாப்பில் சிக்கலின்றி ஏற்ற முடியும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கூகுள் கணக்கோடு சிங்க் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று, தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டியது: எழுத்துரு. பத்து வருடத்துக்கு முந்தைய கடிதங்களும் கேள்வித்தாள்களும் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புது லேப்டாப்பில் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒன்றும் புரியாமல் நிற்கும். பலர் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்தே விடுகிறார்கள். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், அதிலிருந்து தமிழ் எழுத்துருக்களை மறக்காமல் காப்பி எடுங்கள். எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் செருகி, நாலு ஃபைலைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி டிஸ்க்கை அழிக்காதீர்கள்.

அடுத்து அழிப்பது. செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, அதில் ரீசெட் திஸ் பிசி. விண்டோஸ் 10 என்றால் ரெக்கவரி, அப்டேட் அண்ட் செக்யூரிட்டியின் கீழ் இருக்கும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பதைத் தேர்ந்தெடுத்ததும் அவசரப்பட்டு நெக்ஸ்ட் போட்டுவிடாதீர்கள். "எவ்ரிதிங்" என்று பெயர் இருந்தாலும், நீங்கள் மாற்றிக் கொடுக்காத வரை விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டும்தான் அது தொடும். நம் வீடுகளில் படங்களும் கணக்கும் இருப்பதோ டி டிரைவில்! அதனால் சேஞ்ச் செட்டிங்ஸுக்குள் போய் இரண்டை மாற்றுங்கள். ஒன்று, எல்லா டிரைவிலும் உள்ளதை அழிப்பது. இன்னொன்று, கிளீன் டேட்டா. இந்த இரண்டாவதுதான் பழைய தடயத்தின் மேல் எழுதி அழிக்கிறது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரவு சார்ஜரில் போட்டு விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். ஏழு தடவை, முப்பத்தைந்து தடவை அழிக்க வேண்டும் என்று சொல்வதெல்லாம் பழைய பேச்சு, இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுதாக மேலெழுதினால் போதும்.

இடையில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும், வேகமான டிஸ்க்) போட்டிருந்தால் முறை வேறு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் எது என்று போட்டிருக்கும். எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்காக எழுதும் இடத்தைத் தானே மாற்றி மாற்றி வைக்கும். நாம் மேலெழுதுகிறோம் என்று நினைத்தாலும் மிச்சம் மீதி எங்காவது இருக்கலாம். அதற்கு, முதலில் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கரை (டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) எல்லா டிரைவுக்கும் ஆன் செய்து, அது முடிந்த பிறகு ரீசெட் செய்யுங்கள். பூட்டின் சாவி அழிந்துவிட்டால், அப்படிப் பூட்டப்பட்டதில் மிச்சம் கிடப்பதைப் படிக்க முடியாது. இந்த வசதி இல்லாத லேப்டாப்பில் பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) செக்யூர் எரேஸ் என்ற டிஸ்க் அழிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, போனிலிருந்து மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த லேப்டாப்பை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குப் போனேன். ஃபார்மேட்டுக்குத் தனி, ஒரிஜினல் விண்டோஸ் கீக்குத் தனி என்று பணம் கேட்கிறார்கள். வாங்கும்போதே விண்டோஸோடுதான் வாங்கினேன். மறுபடி எதற்குக் காசு? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கீ என்பது விண்டோஸின் உரிம எண், அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் கீ மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே பதிந்திருக்கிறது. அடியில் ஸ்டிக்கர் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். விண்டோஸ் ஏற்றும்போது கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை" என்பதை அழுத்தி மேலே போகலாம், இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஒரே நிபந்தனை, முன்பு இருந்த அதே பதிப்பைப் போட வேண்டும். பெரும்பாலும் தவறு இங்கேதான் நடக்கிறது. உங்களுக்கு வந்தது ஹோம் பதிப்பு, கடைக்காரரின் பென் டிரைவில் இருப்பது ப்ரோ. அதைப் போட்டதும் ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும். உடனே "கீ வாங்கணும் சார்" என்பார், இல்லை கிராக் (கீ இல்லாமலே ஆக்டிவேட் ஆனதுபோல் காட்டும் திருட்டு மென்பொருள்) போட்டுத் தருவார். அந்த கிராக்கை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் முன்பின் தெரியாத ஒன்றை, காவலை நிறுத்திவிட்டு ஓட விடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். கடையில் கொடுக்கும் முன்பே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து ஹோமா ப்ரோவா என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வாங்கும்போது கடையிலேயே அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஃபார்மேட் செய்யும் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான், கொடுங்கள். நீங்களே செய்ய நினைத்தால் அதுவும் கஷ்டமில்லை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும், அதில் இருப்பது முழுக்க அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுங்கள். அந்த பென் டிரைவில் விண்டோஸை ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். லேப்டாப்பை ஆன் செய்யும்போது டெல், லெனோவோ, ஏசரில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தி, வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்து தொடங்கும். முன்கூட்டியே வைஃபை டிரைவரை (வைஃபையை இயக்கும் சிறு மென்பொருள்) உங்கள் மாடலுக்கான தளத்திலிருந்து இறக்கி இன்னொரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 ஏற்றும்போதே இணையம் கேட்கும். வைஃபை வேலை செய்யவில்லை என்றால் டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று நடுவழியில் நின்றுவிடுவீர்கள். டிரைவர் கையில் இல்லையென்றால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டுப் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்பு ஒன்று: டிஸ்க் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் என்றால், மெதுவானதற்குக் காரணம் பெரும்பாலும் அதுவேதான். புதிதாக விண்டோஸ் போட்டால் கொஞ்ச நாள் வேகமாகத் தெரியும், பிறகு பழையபடி ஆகிவிடும். அந்தக் காசை எஸ்எஸ்டிக்குப் போடுங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் பரணில் இருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கல்லூரியில் சேர்ந்திருக்கும் தங்கைக்குக் கொடுக்க விண்டோஸ் 11 போடலாமா? (விருதுநகர் வாசகர்)

பதில்: விண்டோஸ் 11 வேண்டாம். அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும், இன்டெல் பிராசசர் என்றால் கிட்டத்தட்ட எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ கேட்கும். குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் 4 ஜிபியில் அது தவழும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதில் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 ஜிபியில் சௌகரியமாக ஓடும். காசு இல்லை, கீ இல்லை. லிப்ரே ஆஃபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் கூடவே வருகின்றன. தமிழ் 99 விசைப்பலகையும் போட்டுக்கொள்ளலாம். அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கொடுத்திருந்தார்கள், ஆகவே இந்த வீட்டுக்கு லினக்ஸ் ஒன்றும் புதிய விருந்தாளி இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஸ்பீக்கரும் வேலை செய்வது உறுதியான பிறகு டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஆனால் தங்கையின் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வேண்டுமா என்று கல்லூரியில் முதலில் கேட்டுவிடுங்கள். ஆட்டோகேட் தேவைப்பட்டால் இந்த யோசனை உதவாது. அண்ணனின் பள்ளிக்காலப் படங்கள் உள்ளே இருக்கும், அவற்றையும் எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: ஐடி கம்பெனியிலிருந்து வந்தது என்று ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். மறுபடி விண்டோஸ் போட்டதும் அந்தக் கம்பெனி பெயரைக் காட்டி அலுவலக மெயில் கேட்கிறது. ஃபார்மேட் அடித்தாலும் போகவில்லை. (சென்னை வாசகர்)

பதில்: போகாது. அந்த லேப்டாப் இன்னும் கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவு மைக்ரோசாஃப்ட் பக்கம் இருப்பதால், டிஸ்க்கை மாற்றினாலும் திரும்ப வரும். கம்பெனிதான் அதை விடுவிக்க வேண்டும். பில்லோடு கடைக்குப் போய் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் வழக்கு பலவீனம்தான், இருந்தாலும் பணம் அனுப்பிய யுபிஐ விவரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

சென்னை ரிச்சி தெருவோ வேறெங்கோ, இனி வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ரீசெட் போட்டு, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் திரை எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பயாஸுக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் போக முடிகிறதா என்றும் பாருங்கள். அரை மணி, முக்கால் மணி ஆகும். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடை.

கேள்வி: லேப்டாப் ஆனே ஆகவில்லை. எப்படி அழிப்பது? (நாகர்கோவில் வாசகி)

பதில்: டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். சர்வீஸ் கடையில் உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு நீங்களே பேக்கப் டிஸ்க்காகப் பயன்படுத்தலாம். சில மெலிந்த மாடல்களில் டிஸ்க் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்படியென்றால் சில நூறு ரூபாய்க்காக அதை யாரிடமும் விற்காதீர்கள். போர்டில் டிஸ்க் இருக்கும் பகுதியை மெக்கானிக்கிடம் காட்டச் சொல்லி, அந்தச் சிப்பை உங்கள் எதிரிலேயே உடைக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் சேருங்கள்.