ஆர்கனாய்டுக்கு வாசல் எந்தப் பக்கம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதத் திசுக்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் இதுவரை கேகோ-2 என்ற குடல் புற்றுநோய்ச் செல்கள்தான் புழக்கத்தில் இருந்தன. இந்த ஆண்டு மனிதச் சிறுகுடல் ஆர்கனாய்டு ஒன்று, அதாவது ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த குட்டிக் குடல் திசு, கிடைத்தது. செல்கள் பதிந்து வளரும் மேட்ரிஜெல் என்ற கூழில் நன்றாகவே வளர்கிறது. அதன் மீடியத்தில் (வளர்ப்புத் திரவத்தில்) குடலைத் தாக்கும் பாக்டீரியாவான சால்மொனெல்லா டைஃபிமூரியத்தைச் சேர்த்தேன். ஆறு மணி நேரத்தில் மீடியம் கலங்கி மஞ்சளாகிவிட்டது. செல்லுக்கு வெளியே உள்ள பாக்டீரியாவை மட்டும் கொல்லும் ஜென்டாமைசின் போட்டு, செல்களை உடைத்து, தட்டில் பரப்பிப் பார்த்தால் காலனிகள் சொற்பம். அடுத்த முறை ஆர்கனாய்டுகளைப் பைப்பெட்டால் உடைத்து, பாக்டீரியாவோடு கலந்து, மறுபடி மேட்ரிஜெல்லில் பதித்தேன். ஜென்டாமைசின் மீடியத்தில் வைத்து மறுநாள் எண்ணினால் எண்ணிக்கை எகிறியிருந்தது. நெறியாளர் ‘தொற்று வெற்றி’ என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இன்னும் இரண்டு கேள்விகள். ஆர்கனாய்டுதான் உண்மையான குடல் என்றால் கேகோ-2வைக் கைவிட்டுவிடலாமா? எங்களிடம் வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் உள்ள மல மாதிரிகள் சில உறைநிலையில் இருக்கின்றன. அவற்றை இதே ஆர்கனாய்டில் வளர்க்க முடியுமா?

அன்புடன்,
செல்வி

அன்புள்ள செல்வி,

உங்கள் சந்தேகம் நியாயமானது. இரண்டாவது சோதனையில் எகிறிய எண்ணிக்கை பெரும்பாலும் செல்லுக்குள் புகுந்த பாக்டீரியாவினுடையது அல்ல. எப்படி என்று பார்ப்போம்.

மேட்ரிஜெல்லில் வளரும் குடல் ஆர்கனாய்டு ஒரு மூடிய பை. கொழுக்கட்டையில் பூரணம் இருக்கும் இடத்தில் குடலின் உட்குழி இருக்கிறது. உணவும் நுண்ணுயிரும் வந்து சேரும் பக்கம், அதாவது நுண்விரல்கள் நீட்டி நிற்கும் பக்கம், அந்தப் பைக்குள்ளே திரும்பியிருக்கிறது. மேட்ரிஜெல்லையும் மீடியத்தையும் தொட்டுக்கொண்டிருப்பது செல்லின் அடிப்பக்கம். நம் உடலில் இரத்த நாளங்கள் இருக்கும் பக்கம் அது. நீங்கள் மீடியத்தில் ஊற்றிய சால்மொனெல்லா, நடுவில் ஜெல்லும் குறுக்கே நிற்க, குடலின் முதுகைத்தான் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிருமி விரும்பி நுழைவது உட்குழிப் பக்கத்தில்.

உள்ளே போகாத பாக்டீரியா சும்மா இருக்கவில்லை. சத்து நிறைந்த மீடியத்தில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தது என்று வைத்தால் ஆறு மணி நேரத்தில் 12 இரட்டிப்பு, 4096 மடங்கு. மீடியம் மஞ்சளாவது அமிலம் கூடியதன் அடையாளம். அந்நிலையில் செல்கள் சாவதைத் தொற்றின் விளைவு என்று எழுதிவிடக் கூடாது. அமிலத்திலும் பட்டினியிலும் சாகின்றன.

இனி இரண்டாவது சோதனை. உடைந்த ஆர்கனாய்டுத் துண்டுகள் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் மீண்டும் மூடிக்கொள்ளும். மூடும்போது பாக்டீரியாவையும் உள்ளே வைத்து மூடிவிட்டன. வெளியே இருக்கும் ஜென்டாமைசின் எபிதீலியம் என்ற செல் சுவரைத் தாண்டி உட்குழிக்குப் போதுமான அளவில் போய்ச் சேராது. ஆக உட்குழியில் நீந்திக்கொண்டிருந்ததையும் நீங்கள் ‘செல்லுக்குள்’ என்று எண்ணிவிட்டீர்கள். ஜென்டாமைசின் சோதனை தட்டையான செல் படலத்துக்காக உருவானது. மூடிய பையில் அதன் அடிப்படை அனுமானமே உடைகிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. செல்லுக்குள் நுழையும் திறனற்ற இன்வ்-ஏ மரபணு நீக்கிய சால்மொனெல்லாவை அதே முறையில் பக்கத்து வெல்லில் (பிளேட்டின் குழியில்) ஓட்டுங்கள். இரண்டின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் நீங்கள் எண்ணியது உட்குழியை. சாயமிட்டும் பார்க்கலாம். செல் சவ்வைத் துளையிடுவதற்கு முன் ஒரு நிறத்தில் சால்மொனெல்லா எதிர்ப்பொருள், துளையிட்ட பின் இன்னொரு நிறத்தில் அதே எதிர்ப்பொருள். இரண்டு நிறமும் ஏறியது வெளியே, ஒன்று மட்டும் ஏறியது உள்ளே. ஆனால் மூடிய ஆர்கனாய்டை முழுசாக வைத்து இதைச் செய்தால் எதிர்ப்பொருளும் உட்குழிக்குப் போகாது, பழைய குழப்பமே திரும்பும். உட்குழி திறக்கும்படி ஆர்கனாய்டை வெட்டிய பிறகு செய்யுங்கள்.

சரியான பக்கத்தைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கண்ணாடி ஊசியால் உட்குழிக்குள் செலுத்துவது. கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணி தன் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் மனித ஆர்கனாய்டுக்குள் முடிப்பதை 2018இல் இப்படித்தான் காட்டினார்கள். கோலிபாக்டின் என்ற நச்சைச் சுரக்கும் ஈ. கோலையை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்தி, டிஎன்ஏவில் அது விட்டுச்செல்லும் தடம் பெருங்குடல் புற்றுநோய்களிலும் இருப்பதை 2020இல் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் கண்டார்கள். அழகான வேலை, ஆனால் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஒவ்வொரு பையிலும் எவ்வளவு போனது என்பது எப்போதும் சிக்கல். உங்களுக்கு இது வேண்டாம்.

இரண்டாவது, சட்டையைத் திருப்பிப் போடுவதுபோல ஆர்கனாய்டையே திருப்பிவிடுவது. 2019இல் ஸ்டான்ஃபோர்டில் விவரித்த முறை. ஆர்கனாய்டுகளை உடைக்காமல், பனிக்குளிர்ந்த 5 மில்லிமோலார் ஈடிடிஏ கரைசலில் எடுத்து 4 டிகிரியில் ஒரு மணி நேரம் மெதுவாகச் சுழற்றி மேட்ரிஜெல்லைக் கரைத்துவிட வேண்டும். பிறகு 200 ஜி விசையில் மூன்று நிமிடம் சுழற்றிப் படியவைத்து, செல் ஒட்டாத பிளேட்டில் மீடியத்தில் மிதக்கவிட்டால் ஒன்று முதல் மூன்று நாளில் உள்பக்கம் வெளியே வந்துவிடும். ஜெல் ஒட்டிக்கொண்டிருந்தால் திரும்பாது. எல்லாமே திரும்பியிருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஆக்டினுக்கு ஃபலாய்டின் சாயமிட்டு, நுண்விரல் விளிம்பு வெளியே உள்ளதா என்று எண்ணிப் பார்த்து, அந்த விகிதத்தையும் எழுதுங்கள்.

மூன்றாவது, ஆர்கனாய்டைத் தனிச் செல்களாக்கித் தட்டையான படலமாக வளர்ப்பது. பார்க்க ஆர்கனாய்டு மாதிரியே இருக்காது, அட்டைப் படத்துக்கும் உதவாது. ஆனால் உங்கள் கேள்விக்கு இதுதான் பொருத்தம், ஏனென்றால் செல்லையும் எண்ணலாம், பாக்டீரியாவையும் எண்ணலாம். 96 வெல் பிளேட்டில் கொலாஜன்-4ஐ மில்லிக்கு 33 மைக்ரோகிராம் என்ற அளவில் பூசி 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஏழு நாள் வளர்ந்த ஆர்கனாய்டுகளை 0.05 சதவீத ட்ரிப்சின் நொதியில் நாலைந்து நிமிடம் வைத்து, பைப்பெட்டால் பிரித்து, 40 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, வெல்லுக்கு ஒரு லட்சம் செல் இடுங்கள். முதல் நாள் வளர்ச்சி மீடியம், கூடவே 10 மைக்ரோமோலார் ஒய்-27632 என்ற மருந்து. இது இல்லையென்றால் தனியாகப் பிரிந்த செல்கள் பெரும்பாலும் செத்துப்போகும். மறுநாள் முதிர்ச்சி மீடியத்துக்கு மாற்றி நான்கு நாள் விடுங்கள். வளர்ச்சி மீடியத்திலேயே வைத்திருந்தால் உங்களிடம் இருப்பது பிரிந்துகொண்டே இருக்கும் ஸ்டெம் செல் கூட்டமே தவிர, முதிர்ந்த குடல் செல் அல்ல.

இருபுறமும் திரவம் வேண்டுமென்றால் 24 வெல் அளவு டிரான்ஸ்வெல்லில், அதாவது நுண்துளைச் சவ்வு உள்ள செருகியில், போட்டு, படலம் எவ்வளவு இறுக்கமாக மூடியுள்ளது என்று காட்டும் மின்தடையை அளக்கலாம். வெறும் செருகியின் அளவைக் கழித்துவிட்டுப் பரப்பால் பெருக்க வேண்டும். 1300 ஓம் காட்டுகிறது, வெறும் செருகி 100 என்றால் 1200ஐச் செருகியின் பரப்பான 0.33ஆல் பெருக்க 396 ஓம்-சதுர செ.மீ. கழிக்காமல், பெருக்காமல் ‘1300’ என்று எழுதினால் யாருடைய அளவோடும் அதை ஒப்பிட முடியாது.

பாக்டீரியா பக்கம். இரவெல்லாம் வளர்ந்து களைத்த சால்மொனெல்லா செல்லுக்குள் நுழைவதில் மந்தம். இரவு வளர்ப்பிலிருந்து 1:33 என்ற அளவில் புது எல்பி மீடியத்துக்கு மாற்றி மூன்று மணி நேரம் வளர்த்தால் நுழைவுக் கருவிகள் தயாராக இருக்கும். 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 1 என்பது பெரும்பாலும் மில்லிக்கு 80 முதல் 100 கோடி. செல்லுக்குப் பத்து வீதம் என்றால் வெல்லுக்குப் பத்து லட்சம், அதாவது 100 மைக்ரோலிட்டரில் மில்லிக்கு ஒரு கோடி. கிட்டத்தட்ட நூறு மடங்கு நீர்த்தால் போதும். ஆனாலும் ஊற்றிய கரைசலை அன்றே தட்டில் பரப்பி எண்ணுங்கள், ஒளியடர்த்தியை மட்டும் நம்ப வேண்டாம். அரை மணி நேரம் தொற்ற விட்டு, மூன்று முறை கழுவி, ஒரு மணி நேரம் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசின், அதன் பிறகு 10 மைக்ரோகிராமில் பராமரிப்பு. கடைசியில் 0.1 சதவீத ட்ரைட்டான் சோப்புக் கரைசலில் செல்லை உடைத்துத் தட்டில் பரப்புங்கள்.

உங்கள் மீடியத்தின் பொருட்பட்டியலை ஒருமுறை சந்தேகத்தோடு படித்துப் பாருங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். அதில் பெனிசிலின், பிரைமோசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஏதாவது இருந்தால் குறைந்தது ஒரு நாள் முன்பே நிறுத்திக் கழுவ வேண்டும். மேட்ரிஜெல் துளிக்குள் மருந்து தங்கியிருக்கும் என்பதால் இரண்டு நாள் இன்னும் நல்லது. ஒய்-27632 செல்லின் ஆக்டின் ஒழுங்கைக் குலைப்பது. சால்மொனெல்லா நுழைவதே ஆக்டினைக் கலைத்துத்தான். அந்த மருந்து இருக்கும்போது நுழைவை அளப்பதில் பொருளில்லை. எஸ்பி202190 என்ற சேர்மம், அழற்சிச் செய்தியைக் கடத்தும் பி38 புரதத்தின் தடுப்பான். அதை வைத்துக்கொண்டு அழற்சியின் அடையாளமான இன்டர்லூகின்-8 அளந்துவிட்டு ‘அழற்சி இல்லை’ என்றால் அந்த முடிவு மீடியம் தந்தது, குடல் தந்தது அல்ல.

இன்னொன்று. ஒரே தானமளித்தவரின் ஆர்கனாய்டில் ஆறு வெல் என்பது ஆறு மாதிரிகள் அல்ல, ஒருவர் மட்டுமே. மனிதக் குடலைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமானால் குறைந்தது மூன்று பேரின் திசு வேண்டும். குடலின் எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்பதையும் குறித்துவையுங்கள். முன்சிறுகுடல், பின்சிறுகுடல், பெருங்குடல் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை வளர்ப்பிலும் மறப்பதில்லை.

கேகோ-2வைத் தூக்கி எறியாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயிலிருந்து வந்த செல்தான், முதிர மூன்று வாரம் எடுக்கும், சளி சுரக்காது. ஆனால் மலிவு, எல்லா வெல்லும் ஒன்றுபோல இருக்கும். ஒரு பாக்டீரிய மரபணு நுழைவுக்குத் தேவையா என்று நூறு திரிபுகளைச் சலிக்க அதுவே போதும். எஞ்சும் ஐந்தை ஆர்கனாய்டுக்குக் கொண்டுபோங்கள். தவறான செல் எங்கே ஏமாற்றும் என்பதற்கு நல்ல சான்று கொரோனா காலத்தில் கிடைத்தது. வெரோ இ6 என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லில் சார்ஸ்-கோவ்-2ஐத் தொடர்ந்து வளர்த்தால், கூர்ப்புரதத்தில் ஃபியூரின் என்ற நொதி வெட்டும் இடத்தை வைரஸ் விரைவில் இழந்துவிடுகிறது. மனிதச் சுவாசப்பாதை ஆர்கனாய்டில் வளர்த்தால் அந்த இடம் நிலைக்கிறது. அதேசமயம் ‘உண்மையான குடல்’ என்ற சொல்லை உங்கள் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது எபிதீலியம் மட்டும். இரத்த நாளம் இல்லை, நரம்பு இல்லை, எதிர்ப்புச் செல் இல்லை, அசைவு இல்லை. ரேங்க்-எல் என்ற புரதத்தைச் சேர்க்காவிட்டால், உட்குழியிலிருந்து நுண்ணுயிரை உள்ளே எடுக்கும் எம் செல்கூட வராது.

நோரோவைரஸ் வேறு கதை. 1968இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் நார்வாக்கில் ஒரு பள்ளியில் பரவிய வாந்திபேதியின் மாதிரியில் 1972இல் ஆல்பர்ட் கபிகியன் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேலாக யாரும் இதை ஆய்வகத்தில் நம்பகமாகப் பெருக்க முடியவில்லை. கேகோ-2வும் கைகொடுக்கவில்லை. 2016இல் ஹூஸ்டன் பேலர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் குழுவினர் மேலே சொன்ன படல முறையில்தான் அதைச் சாதித்தார்கள். பூட்டைத் திறந்த சாவிகளில் ஒன்று பித்தம். நோரோவைரஸின் ஜி2.3 வகை பித்தம் இல்லாமல் பெருகவே இல்லை. ஜி2.4 பித்தமில்லாமலும் பெருகும், இருந்தால் கூடுதலாகப் பெருகும். பித்த அமிலமான ஜிசிடிசிஏவை 500 மைக்ரோமோலார் அளவில் சேர்ப்பது வழக்கம். அளவு மிஞ்சினால் செல்லையே அழிக்கும் என்பதால், வைரஸ் இல்லாமல் பித்தம் மட்டும் உள்ள வெல் ஒன்று கட்டாயம்.

மாதிரியை 10 சதவீதக் கரைசலாக்கி, சுழற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். மலமே செல்லுக்கு நஞ்சு. எனவே நீர்த்து இடுங்கள். ஒரு மணி நேரம் தொற்ற விட்டு, இரண்டு முறை கழுவி, அப்போதே ஒரு தொகுதி வெல்களை எடுத்து உறையவையுங்கள். மறு தொகுதியை 72 மணியில் எடுங்கள். இரண்டுக்கும் இடையே, வைரஸின் மரபணுப் பொருளை அளக்கும் பிசிஆரில் தெரியும் ஏற்றம்தான் விடை. 72 மணியில் மட்டும் அளந்து ‘வைரஸ் இருக்கிறது’ என்றால், நீங்கள் ஊற்றியதையே திரும்ப அளந்திருக்கலாம். காமாக் கதிரால் செயலிழக்கச் செய்த அதே மாதிரியில் ஏற்றம் இருக்கக் கூடாது. மேசையைத் துடைக்க ஆல்கஹாலை நம்பாதீர்கள், இந்த வைரஸுக்கு அது சரியாக வேலை செய்யாது. 1000 முதல் 5000 பிபிஎம் குளோரின் உள்ள பிளீச்சிங் கரைசல் வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒரு சிறிய பிசிஆர். உங்கள் ஆர்கனாய்டைத் தந்தவரின் எஃப்யூடி2 மரபணுவை வரிசைப்படுத்திப் பாருங்கள். செல்லின் மேற்பரப்பில் வைரஸ் பற்றும் சர்க்கரையை உருவாக்குவது அந்த மரபணு. இரு பிரதியும் செயலிழந்தவரின் குடலில் ஜி2.4 ஏறாது. அதன் 428ஆம் இடத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டியதற்குப் பதில் இரு பிரதியிலும் ஏ இருந்தால், வேறொருவரின் ஆர்கனாய்டு கிடைக்கும்வரை அந்த மாதிரிகளை உறைபெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறையவைக்கும்போதும் வைரஸின் வீரியம் குறையும்.

அன்புடன்,
ஆசிரியர்