மேடையில் கழலும் மூக்கு

கேள்வி: சாபத்தால் பன்றி மூக்கோடு பிறந்த ஜமீன் வீட்டுப் பெண்ணின் காதல் கதையைக் கல்லூரி விழாவில் நகைச்சுவை நாடகமாகப் போடுகிறோம். ஒத்திகையிலேயே லேட்டக்ஸ் மூக்கு கழன்று விழுகிறது. சாபம் எந்த இடத்தில் நீங்கலாம்?
– வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: மதுரை வெக்கையில் வியர்வைதான் வில்லன். எண்ணெய்ப் பிசுக்கு போக மூக்கைத் துடைத்து, ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவி, பிசுபிசுப்பு வந்தபின் ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் வழுக்கும். ஓரம் தடித்திருந்தால் சிரிக்கும்போது அங்கேதான் பிரியும். மூச்சுத் துளை பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வசனம் ஜலதோஷக் குரலில் வரும். முதல் நாளே முழங்கை மடிப்பில் அந்தப் பசையைத் தடவி, அரிக்கிறதா என்று பாருங்கள்.

இதே பன்றி மூக்குக் கதையைச் சொல்லும் 'பெனலபி' என்ற ஆங்கிலப் படத்தில் சாபம் நீங்குவது நாயகன் முத்தத்தால் அல்ல. நாயகியே தன்னை ஏற்றுக்கொள்வதால். எங்களைக் கேட்டால் மூக்கைக் கழற்றவே வேண்டாம். சிரிப்பை, பஜ்ஜித் தட்டோடு ஓடும் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திருப்புங்கள்.