ஆசிரியர்கள் மாணவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் புதிதாக நியமனம் கிடைத்தவர் போலத் தெரிகிறது. "பொறுமை, அன்பு" என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். நான் படித்தது என் பாடத்திலேயே.

நான் மட்டக்களப்பு நகரத்துக்காரன். கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கிற வாவிதான் எனக்கு வாவி. வேலை கிடைத்தது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், புவியியல். ஒரு மாரிகாலம், மழை விட்ட நேரம், களப்பு, அதாவது கடலோடு சேரும் வாவி பற்றிய பாடம். கடற்கரையில் மணல் திட்டு எப்படி உருவாகும் என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு, "சரி, முகத்துவாரத்தை எப்ப வெட்டவேணும்?" என்று சும்மா கேட்டேன். முகத்துவாரம் என்பது வாவி கடலில் சேரும் வாய், மணல் மூடினால் வெட்டித்தான் திறக்கவேண்டும். வகுப்பு இரண்டாகிவிட்டது!

வெள்ளாமைக்காரர் வீட்டுப் பையன், "மழை இறங்கின உடனே வெட்டவேணும் சேர், இல்லாட்டி எங்கட வயல்வட்டை தண்ணியில தாண்டுபோகும்" என்றான். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை விடவில்லை. "அவசரப்பட்டு வெட்டினா தண்ணி வடிஞ்சு மீனும் கடலுக்குப் போயிரும். ஆனா வெட்டாமலும் விடேலாது, கடலில இருந்து இறால் குஞ்சு உள்ள வரவேணும்." இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு களப்புக்குள் வந்து வளரும் என்பது எனக்கும் தெரியும், பரீட்சைக்குப் படித்தது. அதை வைத்து ஒரு வீடு நாள் பார்க்கும், பக்கத்து வீடு வேறு நாள் பார்க்கும், கடைசியில் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூட்டம் போட்டுத்தான் முடிவு எடுப்பார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள். விடை என் கையில் இல்லாத கேள்வியைக் கேட்டதால் கிடைத்தது இது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அலகிலும் அப்படி ஒரு கேள்வியாவது வைத்திருக்கிறேன்.

"பாடத்திட்டத்தை விட்டுட்டுக் கதை பேசுறார்" என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். அலகு முடிந்தது, பயிற்சிக் கொப்பி பார்த்து முடிந்தது, சாதாரண தரப் பரீட்சைக்கு வேண்டியதும் முடிந்தது. பிள்ளைகள் சொல்வதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை, அந்தப் பையன் வரைபடத்தில் எதை எங்கே போட்டான் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு நாள் வகுப்புப் பார்க்க வந்த ஒரு அதிகாரி, கற்பித்தல் துணைச்சாதனம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். யன்னலுக்கு வெளியே வாவி கிடக்கிறது ஐயா! ஒரு பிரிஸ்டல் போட் அட்டையில் நீலக்கலர் அடித்து ஒட்டியிருந்தால் புள்ளி போட்டிருப்பார். அந்த அட்டையும் எங்கள் காசில்தான் வாங்கவேண்டும்.

உங்கள் பாடம் கணிதம் என்றால் இது எப்படிப் பொருந்தும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கணித ஆசிரியர்கள் யாராவது எழுதுங்கள்.